டோக்கமாக்கில் முப்பரிமாணச் சமநிலையைக் கணக்கிடுவது எப்படி?

சூடான பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்துவைக்கும் டோக்கமாக் இயந்திரம் பற்றிய எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் சில பக்கங்களிலேயே ஓர் அனுமானம் வந்துவிடும்: வளையத்தை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் உள்ளே ஒரே படம்தான். இதற்குப் பெயர் அச்சுச் சமச்சீர். பெரும்பாலான வேலைக்கு இது போதும். ஆனால் கட்டி நிற்கும் எந்த இயந்திரமும் முழுச் சமச்சீரோடு இல்லை. வளையத்தைச் சுற்றி ஓடும் டொராய்டல் புலத்தைத் தரும் சுருள்கள், பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் டோக்கமாக்கில் 18. பிரிட்டனில் இயங்கிய ஜெட்டில் 32 இருந்தன. சுருளுக்கு நேரே புலம் சற்றுக் கூடும், இரண்டு சுருள்களுக்கு நடுவே சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை ரிப்பிள் என்கிறார்கள். சுருளைப் பொருத்தும்போது சில மில்லிமீட்டர் விலகினால் அதிலிருந்து ஒரு பிழைப்புலம் வரும். போதாததற்கு நாமே வேண்டுமென்று சமச்சீரைக் குலைக்கிறோம். பிளாஸ்மாவின் விளிம்பில் விட்டுவிட்டு வெடிக்கும் ஈஎல்எம் கொந்தளிப்பைச் சிறு சுருள்களின் கூடுதல் புலத்தால் அடக்கலாம் என்பதை 2004இல் வெளியான, அமெரிக்காவின் டி3-டி டோக்கமாக் முடிவுகள் காட்டின. அதன் பிறகு ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடில் 16 சுருள்கள் வந்தன. ஈட்டருக்கு மூன்று வரிசையில் வரிசைக்கு ஒன்பதாக 27 சுருள்கள் திட்டமிடப்பட்டிருக்கின்றன.

இந்தக் கூடுதல் புலத்தின் அளவு முதன்மைப் புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு வரைதான். இவ்வளவு சின்னதற்கு எதற்கு முழு முப்பரிமாணக் கணக்கு, சுருளின் புலத்தை இருபரிமாணச் சமநிலையின் மேல் அப்படியே கூட்டிவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. பிளாஸ்மா சும்மா இருக்காது. சில அலைவடிவங்களை அது பெருக்கிக் காட்டும், சிலவற்றைத் தன் மின்னோட்டத்தால் மறைத்துவிடும். வெற்றிடப் புலத்தை, அதாவது பிளாஸ்மாவின் எதிர்வினை சேராத சுருளின் புலத்தை, மட்டும் கூட்டினால் பெரும்பாலும் காந்தத் தீவுகள் (புலக்கோடுகள் தனியாகச் சுருண்டு மூடிக்கொள்ளும் பகுதிகள்) உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், விளிம்பின் நெளிவு உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். இரண்டுமே தவறான திசையில்.

அச்சுச் சமச்சீர்ச் சமநிலையைத் தரும் கிராட்–ஷஃப்ரானோவ் சமன்பாட்டை ஒரு தடவையாவது தீர்த்துப் பார்த்தவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். முப்பரிமாணத்துக்கு இப்போதுதான் வருகிறீர்கள் என்றால் முதலில் செய்ய வேண்டிய வேலை கணினிக்கு முன்னால் இல்லை.

முதலில் கேள்வி, பிறகுதான் நிரல்

தீர்க்க வேண்டிய சமன்பாடு பார்க்க எளிது: மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து தரும் விசை அழுத்தச் சரிவை ஒவ்வோர் இடத்திலும் ஈடுகட்ட வேண்டும். அச்சுச் சமச்சீர் இருக்கும்வரை, புலக்கோடுகள் படிந்து ஓடும் காந்தப் பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி இருக்கும் என்பதற்குச் சமச்சீரே உத்தரவாதம். சமச்சீர் போனால் அந்த உத்தரவாதமும் போச்சு. ஒரு புலக்கோடு சில சுற்றுகளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பரப்புகளில், அதாவது பாதுகாப்புக் காரணி க்யூ (புலக்கோடு குறுக்குவெட்டை ஒரு தடவை சுற்றுவதற்குள் வளையத்தை எத்தனை தடவை சுற்றுகிறது என்ற எண்) இரண்டு முழு எண்களின் விகிதமாக, அதாவது பின்ன எண்ணாக, அமையும் இடங்களில், கூடுதல் புலம் பரப்பைக் கிழித்துத் தீவுகளாக்கும். அக்கம்பக்கத்துத் தீவுகள் ஒன்றையொன்று தொட்டால் அந்தப் பகுதியில் புலக்கோடுகள் தாறுமாறாக அலையத் தொடங்கும்.

ஆகவே முப்பரிமாண நிரல் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அனுமானத்தோடுதான் வருகிறது. ஹிர்ஷ்மனும் விட்சனும் 1983இல் வெளியிட்ட வீமெக் நிரல், பரப்புகள் எல்லாம் முழுதாக ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு, மொத்த ஆற்றலைக் குறைத்துக்கொண்டே போய்ச் சமநிலையைப் பிடிக்கிறது. அதில் தீவு கிடையாது; எவ்வளவு தேடினாலும் வராது. ஐபெக், மார்ஸ்-எஃப் போன்றவை இருபரிமாணச் சமநிலையிலிருந்து தொடங்கிச் சிறு விலகலை நேரியலாகக் கணக்கிடுபவை. ஹின்ட், சியெஸ்டா, பைஸ் ஆகியவை தீவுகளையும் தாறுமாறான பகுதிகளையும் அனுமதிக்கும். ஸ்பெக் இன்னொரு வழியில் போகிறது: அழுத்தத்தைப் படிப்படியாக வைத்து, இரண்டு படிகளுக்கு இடையே உள்ள பகுதி தன்னிச்சையாகத் தளர்ந்துகொள்ள விடுகிறது. எம்3டி-சி1 நேரத்தோடு வளர்த்துப் பார்க்கும் பெரிய நிரல். அதைத் தொடக்கத்தில் தொட வேண்டாம்.

ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். “விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் நெளிகிறது?” என்றால் வீமெக் சரியான இடம். “க்யூ 3 ஆக உள்ள பரப்பில் தீவின் அகலம் என்ன?” என்றால் வீமெக்கைத் திறக்கவே வேண்டாம். அந்தக் கேள்விக்கும் வீமெக் அழகான ஒரு படத்தைக் கொடுக்கும் என்பதுதான் ஆபத்து. நிரல் ஒழுங்காக முடிந்தது என்றால் அதன் அனுமானத்துக்குள் ஒரு விடை கிடைத்தது, அவ்வளவுதான். அந்த அனுமானம் உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று நிரல் சொல்லாது.

இந்த வழிகாட்டி முதல் வகைக் கேள்விக்கானது. எடுத்துக்காட்டாக டொராய்டல் எண் 3 கொண்ட கூடுதல் புலத்தை வைத்துக்கொள்வோம். வளையத்தை ஒரு தடவை சுற்றி வந்தால் புலம் மூன்று தடவை ஏறி இறங்கும். நிரல் வீமெக். நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டெல்லாப்ட் தொகுப்போடு திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஃபோர்ட்ரான் கம்பைலர், நெட்சிடிஎஃப் நூலகம், பொறுமை மூன்றும் வேண்டும். பைத்தானிலேயே இருக்க விரும்புபவர்கள் டெஸ்க் நிரலைப் பார்க்கலாம். அதுவும் அடங்கிய பரப்புகள் என்ற அதே அனுமானத்தில்தான் இயங்குகிறது. ஆரத்தின் நெடுகில் வேறு வகைப் பல்லுறுப்புக் கோவைகளைப் பயன்படுத்துவதால் அச்சுக்கு அருகே நல்ல துல்லியம் தரும்.

இருபரிமாணக் கோப்பை மொழிமாற்றுவது

பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது அளவீடுகளிலிருந்து இருபரிமாணச் சமநிலையை மீட்டெடுக்கும் ஈஃபிட் நிரல் தந்த ஜி-கோப்பு. அதில் அழுத்தமும் க்யூவும் போலாய்டல் (குறுக்குவெட்டைச் சுற்றும் திசை) காந்தப்பாயத்தைச் சார்ந்து கொடுக்கப்பட்டிருக்கும். வீமெக்குக்கு வேண்டியது டொராய்டல் பாயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுத்தத்தை அப்படியே நகலெடுப்பதுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கும் கோளாறு. நிரல் முறைக்காது, பீட்டா (பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) மட்டும் எங்கோ போயிருக்கும்.

மாற்றுவது கடினமில்லை. டொராய்டல் பாயத்தின் சிறு மாற்றம் என்பது க்யூ பெருக்கல் போலாய்டல் பாயத்தின் சிறு மாற்றம். அச்சிலிருந்து விளிம்பு வரை தொகையிடுங்கள். விளிம்பில் கிடைக்கும் மொத்தத்தால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஓடும் ஆயம் கிடைக்கும். ஈஃபிட் போலாய்டல் பாயத்தை ஒரு ரேடியனுக்கு என்று தருவதால் மொத்தப் பாயத்தை வெபரில் எழுதும்போது இரண்டு பையால் பெருக்க மறக்காதீர்கள். அந்த மொத்தம்தான் உள்ளீட்டுக் கோப்பில் ஃபை-எட்ஜ் என்ற இடத்தில் போக வேண்டியது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். டைவர்ட்டர் (வெளியேறும் பிளாஸ்மாவை ஏற்கும் பகுதி) உள்ள பிளாஸ்மாவில் கடைசிப் பரப்பு, மூடிய புலக்கோடுகளையும் திறந்த புலக்கோடுகளையும் பிரிக்கும் பிரிபரப்பு. அங்கே க்யூ எல்லையில்லாமல் ஏறும். வீமெக் தன் பரப்புகளை ஃபூரியே தொடராக எழுதுவதால் பிரிபரப்பின் கூர்முனை அதற்குப் பிடிபடாது. எனவே போலாய்டல் பாயத்தில் சற்று முன்பே, 99 விழுக்காட்டின் அக்கம்பக்கத்தில் வெட்டிக்கொள்கிறோம். எங்கே வெட்டினீர்கள் என்பதை முடிவோடு சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் வெட்டும் இடத்தைப் பொறுத்து விளிம்பின் க்யூ மாறும், அதோடு எந்தெந்தப் பின்னப் பரப்புகள் உள்ளே வருகின்றன என்பதும் மாறும்.

அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பல்லுறுப்புக் கோவையாகக் கொடுப்பது வீமெக்கின் பழைய வழக்கம். விளிம்பில் செங்குத்தாக இறங்கும் பீடஸ்டல் உள்ள பிளாஸ்மாவுக்கு அது ஆகாது. பல்லுறுப்புக் கோவை இங்கும் அங்கும் அலைபாயும். அகிமா ஸ்ப்லைன் வகையைத் தேர்ந்தெடுத்துப் புள்ளிகளாகக் கொடுங்கள். மின்னோட்டத்துக்கு இரண்டு ஸ்ப்லைன் வகைகள் உண்டு: ஒன்றில் நீங்கள் தருவது அந்தப் பரப்புக்குள் அடங்கிய மொத்த மின்னோட்டம், மற்றதில் அதன் வகைக்கெழு. வகையின் பெயரில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கையேட்டில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். விளிம்பில் அழுத்தம் சுழியத்தில் முடியட்டும்.

குறிகள் இன்னொரு தலைவலி. வீமெக்கின் ஆய அமைப்பு இடக்கை அமைப்பு. ஈஃபிட் கோப்புகளோ எந்த ஆய்வகத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு வழக்கம். இந்தக் குழப்பத்துக்காகவே 2013இல் கோகோஸ் என்ற பெயரில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார்கள். உங்கள் கோப்பு அதில் எந்த எண் என்று கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். அச்சுச் சமச்சீர்க் கணக்கில் குறி மாறினாலும் படம் ஒன்றுபோலவே தெரியும். கூடுதல் புலம் வந்த பிறகு அப்படி இல்லை: புலக்கோட்டின் சாய்வும் கூடுதல் புலத்தின் சாய்வும் ஒரே பக்கமாக இருந்தால்தான் ஒத்ததிர்வு வரும். குறி தவறினால் பிளாஸ்மா அசையாமல் இருக்கும், “இந்தச் சுருளுக்குப் பலன் இல்லை” என்று எழுதிவிடுவோம்.

கட்டத்தை எவ்வளவு நுண்மையாக வைப்பது?

வீமெக் ஆரத் திசையில் டொராய்டல் பாயத்தைச் சம இடைவெளியில் வெட்டுகிறது. பாயம் ஏறத்தாழ ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதம். இதன் விளைவைக் கையால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 51 பரப்புகள் வைத்தால் அச்சுக்கு அடுத்த பரப்பு பாயத்தில் 0.02, ஆரத்தில் அதன் வர்க்கமூலம், 0.14. அதாவது சிறு ஆரத்தின் (பிளாஸ்மாக் குறுக்குவெட்டின் ஆரம்) முதல் ஏழில் ஒரு பங்கில் ஒரு பரப்பும் இல்லை. 201 வைத்தால் அது 0.07 ஆகும். விளிம்பிலோ 201 பரப்புகளில் இடைவெளி சிறு ஆரத்தில் 0.0025 பங்கு, டி3-டி அளவுள்ள, சிறு ஆரம் 0.67 மீட்டர் கொண்ட பிளாஸ்மாவில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. விளிம்புக் கேள்விக்கு இந்தக் கட்டம் நம் பக்கம் இருக்கிறது, மையத்துக் கேள்விக்கு இல்லை.

கோணத் திசையில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது என்எஃப்பி: புலம் முழுக்க மூன்றின் மடங்காகத் திரும்பி வருமானால் இதை 3 என்று வைத்து வளையத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கணக்கிடலாம். 18 சுருள்களின் ரிப்பிளும் மூன்றின் மடங்குதான், அதுவும் உள்ளே அடங்கும். ஆனால் பிழைப்புலத்தில் டொராய்டல் எண் 1 இருக்கும். அது வேண்டுமென்றால் என்எஃப்பி 1, முழு வளையம், வேறு வழியில்லை.

இரண்டாவது எம்போல், போலாய்டல் எண்களின் எல்லை. ஒத்ததிர்வுக்கான போலாய்டல் எண் என்பது டொராய்டல் எண் பெருக்கல் க்யூ. விளிம்பில் க்யூ 5, டொராய்டல் எண் 3 என்றால் போலாய்டல் எண் 15. எம்போல் 12 என்று வைத்தால் நிரலுக்கு 11 வரைதான் தெரியும். அதற்கு மேலுள்ள நெளிவு அதன் கண்ணிலேயே படாது. 18 வைக்கலாம். மூன்றாவது என்டோர், டொராய்டல் எண்களின் எல்லை: என்எஃப்பி 3 என்னும்போது என்டோர் 6 வைத்தால் டொராய்டல் எண் 18 வரை போகும், ரிப்பிளும் அகப்படும்.

இப்போது அளவைப் பாருங்கள். எம்போல் 18, என்டோர் 6 என்றால் 228 அலைவடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொகுதிகள், மேல்–கீழ்ச் சமச்சீர் இல்லையென்றால் இரண்டு மடங்கு, அதை 201 பரப்புகளால் பெருக்கினால் 2 லட்சத்து 75 ஆயிரம் அறியா எண்கள். இன்றைய கணினிக்கு இது பெரிதில்லை. சேரும் வேகம்தான் குறையும்.

மேல்–கீழ்ச் சமச்சீர் என்றதும் ஒன்று. உள்ளீட்டில் எல்-அசிம் என்ற ஒரு சுவிட்ச் உண்டு, அது அணைந்த நிலையில்தான் வரும். வீமெக் ஸ்டெல்லரேட்டர்களுக்காக, அதாவது வெளிச்சுருள்களாலேயே புலத்தை முறுக்கும் வளைய இயந்திரங்களுக்காகப் பிறந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒருவகை எதிரொளிப்புச் சமச்சீர் இருக்கும், அதனால் பாதித் தொடர் போதும். கீழே மட்டும் டைவர்ட்டர் உள்ள டோக்கமாக்குக்கு அது பொருந்தாது. சுவிட்சைப் போடுங்கள், அப்படியே விளிம்பின் ஃபூரியே எண்களில் மீதிப் பாதியையும் எழுதுங்கள். மேலும் கீழும் ஒன்றுபோல இருக்கும் பிளாஸ்மாவானாலும், மேல்வரிசைச் சுருள்களும் கீழ்வரிசைச் சுருள்களும் எந்த அலைக்கட்டத்தில் (ஃபேஸ்) ஓடுகின்றன என்பதைப் பொறுத்து இந்தச் சமச்சீர் உடையலாம்.

முப்பரிமாணம் இல்லாத மூன்று ஓட்டங்கள்

இங்கேதான் எல்லாருக்கும் அவசரம். கூடுதல் சுருளை உடனே போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். போடாதீர்கள். முதல் ஓட்டம்: என்டோர் 0, விளிம்பை நிலையாகப் பிடித்துவைத்த கணக்கு. விளிம்பின் வடிவத்தை ஜி-கோப்பிலிருந்து எடுத்து ஃபூரியே தொடராக்கிக் கொடுங்கள். முடிந்ததும் மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள்: காந்த அச்சு நிற்கும் இடம், க்யூ வளைவு முழுவதும், பீட்டா. அச்சு ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ மாற்றியதில் எங்கோ வழுக்கியிருக்கிறது. வீமெக் தருவது க்யூவின் தலைகீழான ஐயோட்டா என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது ஓட்டத்துக்குச் சுருள்கள் வேண்டும். ஒவ்வொரு சுருளையும் சிறு சிறு நேர்த்துண்டுகளாக எழுதி, மேக்கிரிட் என்ற துணைநிரலிடம் கொடுத்தால் இடவெளியில் ஒரு கட்டத்தின் மேல் ஒவ்வொரு சுருள்தொகுதியின் புலத்தையும் கணக்கிட்டு எம்கிரிட் கோப்பாக்கித் தரும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் புலம் ஓர் அலகு மின்னோட்டத்துக்கு என்று சேமிக்கப்படும், உள்ளீட்டில் மின்னோட்டத்தை ஆம்பியரில் எழுத வேண்டும். மற்றதில் மின்னோட்டம் கோப்பிலேயே இருக்கும், உள்ளீட்டில் 1 போன்ற ஒரு பெருக்கல் எண்தான். மாற்றி எழுதினால் புலம் பல்லாயிரம் மடங்கு பிசகும்.

அதைப் பிடிக்க ஒரு சின்னச் சோதனை. பிளாஸ்மா இல்லாமல், டொராய்டல் சுருள்களை மட்டும் வைத்து, வளையத்தின் நடு ஆரத்தில் புலத்தைப் படியுங்கள். ஈட்டரின் எண்களைப் போட்டுப் பார்த்தால்: சுருளுக்கு 134 சுற்று, சுற்றுக்கு 68 கிலோ ஆம்பியர், 18 சுருள்கள். மொத்தம் 164 மெகா ஆம்பியர். ஆம்பியர் விதியின்படி 6.2 மீட்டர் ஆரத்தில் புலம் 5.29 டெஸ்லா, ஈட்டரின் பெயர்ப்பலகை எண் 5.3. உங்கள் இயந்திரத்துக்கும் இதே கணக்கு ஒரு வரியில் முடியும். ஒத்துவரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

கட்டப் பெட்டி பிளாஸ்மாவைவிடத் தாராளமாகப் பெரிதாக இருக்கட்டும். ஓட்டத்தின் நடுவில் பிளாஸ்மா பெட்டியை விட்டு வெளியே போனால் வீமெக் அதைச் சொல்லிவிடும். பெட்டியில் டொராய்டல் திசையில் எத்தனை தளங்கள் வைத்தீர்களோ, உள்ளீட்டில் நீங்கள் எழுதும் தளங்களின் எண்ணிக்கையும் அதோடு ஒத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டம்: இன்னும் என்டோர் 0தான், ஆனால் விளிம்பு சுதந்திரம். சுருள்கள் பிளாஸ்மாவைப் பிடித்து நிறுத்த வேண்டும். இங்கே ஃபை-எட்ஜ்தான் பிளாஸ்மாவின் பருமனைத் தீர்மானிக்கிறது. டைவர்ட்டரோ லிமிட்டரோ வீமெக்குக்குத் தெரியாது. ஃபை-எட்ஜை 1 விழுக்காடு கூட்டினால் சிறு ஆரம் ஏறத்தாழ அரை விழுக்காடு கூடும். விளிம்பு ஈஃபிட் விளிம்போடு சில மில்லிமீட்டருக்குள் பொருந்தும்வரை இதைத் திருத்துங்கள். நெளிவே சில மில்லிமீட்டர்தான் என்றால் அடிப்படைப் படம் அதைவிட நன்றாகப் பொருந்த வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

சுருளை மெல்லத் திறப்பது

சரி, இப்போது என்டோரை உயர்த்துங்கள், கூடுதல் சுருளுக்கு மின்னோட்டம் கொடுங்கள். முழு அளவையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் கால், அரை, முழு என்று ஏற்றுங்கள். இது நிரலுக்குத் தரும் சலுகை மட்டும் இல்லை. நெளிவு மின்னோட்டத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். நேர்கோட்டிலிருந்து விலகும் இடம் எது என்பதே ஒரு முடிவு.

இந்தக் கட்டத்தில் ஓர் இயற்பியல் தேர்வு இருக்கிறது, பலர் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். என்கர் என்ற உள்ளீடு 0 என்றால் ஐயோட்டாவைப் பிடித்துவைத்துக் கணக்கிடும், 1 என்றால் மின்னோட்டத்தை. இலட்சியக் கடத்தியாக நடந்துகொள்ளும் பிளாஸ்மா சட்டென்று வரும் குலைவுக்கு ஐயோட்டாவை மாற்றிக்கொள்ளாது. ஆகவே நேரியல் இலட்சிய நிரலோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் 0. சுருள் வெகுநேரம் ஓடி, மின்னோட்டம் பரவி அடங்கிய பின் உள்ள நிலை வேண்டுமென்றால் 1. இரண்டையும் ஓட்டி வித்தியாசத்தைப் பார்ப்பது என் பரிந்துரை, அதிகச் செலவில்லை.

பரப்புகளின் எண்ணிக்கையைப் படிகளாகக் கொடுங்கள்: 26, 51, 101, 201. முதல் படியில் விசையின் மிச்சம் பத்தின் அடுக்கு மைனஸ் 6 போதும், கடைசியில் மைனஸ் 12 வரை இறக்குங்கள். நெளிவு சிறியது என்பதால் மிச்சமும் மிகச் சிறிதாக இருந்தாக வேண்டும். மைனஸ் 8இல் நிறுத்தினால் அச்சுச் சமச்சீர்ப் பகுதி சேர்ந்திருக்கும், முப்பரிமாணப் பகுதி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும். மிச்சத்தை மட்டும் பார்க்காமல், விளிம்பின் ஒரு புள்ளியை ஓட்டத்தின் ஊடே கண்காணித்தால் இது நேராகத் தெரியும்.

ஓட்டம் முறிந்தால் என்ன செய்வது? ஜேக்கோபியன் குறி மாறிவிட்டது என்ற செய்தி வந்தால் தொடக்கத்தில் கொடுத்த அச்சு தவறான இடத்தில் இருக்கிறது; முந்தைய ஓட்டத்தின் அச்சை எடுத்துக் கொடுங்கள். மிச்சம் குறைந்து குறைந்து வந்து திடீரென்று எகிறினால் நேரப்படியைப் பாதியாக்குங்கள். எதுவும் உதவவில்லை என்றால் விளிம்பருகே மின்னோட்ட வளைவைப் பாருங்கள். கூர்மையான முனை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

விடையை எப்படிப் படிப்பது, எவ்வளவு நம்புவது

ஓட்டம் முடிந்தால் டபிள்யூ-அவுட் என்று தொடங்கும் நெட்சிடிஎஃப் கோப்பு கிடைக்கும். வண்ணமயமான முப்பரிமாணப் படத்தைப் போடுவதற்கு முன் எளிய ஒன்றைச் செய்யுங்கள். டொராய்டல் எண் 3 என்றால் அரை அலை என்பது 60 டிகிரி. ஒரு கோணத்தில் குறுக்குவெட்டு, அதிலிருந்து 60 டிகிரி தள்ளி இன்னொன்று, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். நெளிவின் உச்சம் விழும் கோணங்களாகப் பார்த்து எடுத்தால், வெளிப்புற நடுத்தளத்தில் இரண்டுக்கும் உள்ள தூரத்தில் பாதிதான் அதன் வீச்சு. இதைத்தான் சோதனையில் அளக்கிறார்கள்: கூடுதல் புலத்தைச் சுழற்றிவிட்டு, ஓர் இடத்தில் பொருத்திய கருவியின் முன் விளிம்பு முன்னும் பின்னும் போவதைப் பார்க்கிறார்கள். அந்தக் கருவி இருக்கும் கோணத்திலேயே உங்கள் கணக்கையும் வெட்டுங்கள்.

அடுத்தது நம்பிக்கையைச் சோதிப்பது. எம்போலை 18இலிருந்து 24க்கு ஏற்றினால் விளிம்பின் நெளிவு மாறுகிறதா? 201 பரப்பை 401 ஆக்கினால்? விளிம்பு மாறாமல், உள்ளே பின்னப் பரப்புகளின் பக்கத்தில் மட்டும் படம் மாறிக்கொண்டே இருந்தால் வியக்க வேண்டாம். பரப்புகள் கிழியக் கூடாது என்று நாமே கட்டளையிட்டிருக்கிறோம். அந்தக் கட்டளையைக் காக்கப் பின்னப் பரப்புகளில் மிக மெல்லிய மின்னோட்டத் தகடுகள் தேவைப்படும். இலட்சியக் கோட்பாட்டில் அவற்றின் தடிமன் சுழி. எந்தக் கட்டமும் அதை முழுதாகப் பிடிக்காது. ஆகவே பின்னப் பரப்புகளை ஒட்டிய வீமெக் விவரங்களை நான் மேற்கோள் காட்டமாட்டேன். விளிம்பின் மொத்த நெளிவு, அதன் வடிவம், எந்தப் பக்கம் பெரிது என்பவற்றைக் காட்டுவேன்.

ஒரே ஒரு நிரலோடு நின்றுவிடவும் கூடாது. டி3-டியின் ஒரு பிளாஸ்மாவை எடுத்து ஏழு நிரல்களால் கணக்கிட்டு ஒப்பிட்ட கட்டுரை 2015இல் வந்தது. விடைகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை. நேரியல் நிரல் ஒன்றின் விடை கையில் இருந்தால் அதற்கும் ஒரு சோதனை உண்டு: அடுத்தடுத்த பரப்புகளின் நெளிவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பாருங்கள். ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்குள் நெளிவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அங்கே நேரியல் அனுமானம் செத்துப்போயிற்று. வீமெக் அப்படி வெட்டிக்கொள்ள விடாது. இரண்டு நிரல்களும் பிரியும் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சுருளே இல்லாமல் வளையும் பிளாஸ்மா

கை பழகியதும் செய்து பார்க்க ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. லோசான் ஆய்வாளர்கள் கூப்பரும் குழுவினரும் 2010இல் காட்டியது இது: விளிம்பு முழு அச்சுச் சமச்சீரோடு இருந்தும், க்யூவின் குறைந்தபட்ச மதிப்பு 1க்கு அருகே தட்டையாகக் கிடந்தால், மையம் மட்டும் திருகுச்சுருளாக வளைந்த இன்னொரு சமநிலையும் உண்டு. அதே விளிம்பு, அதே அழுத்தம், அதே க்யூ. விடை இரண்டு.

செய்வது எளிது. விளிம்பை நிலையாகப் பிடித்த கணக்கு, என்எஃப்பி 1, எம்போலும் என்டோரும் மிதமாக. க்யூவை மையத்தில் 1க்குச் சற்று மேலே, நடுவில் லேசாக இறங்கி, வெளியே ஏறும்படி கொடுங்கள். முதல் தடவை அச்சை நேராகக் கொடுங்கள். பழக்கமான டோக்கமாக் வரும். அடுத்த தடவை மற்ற எல்லாம் அப்படியே இருக்க, அச்சின் தொடக்க ஊகத்தில் மட்டும் டொராய்டல் எண் 1க்கு சிறு ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வளைவைச் சேர்த்துவிடுங்கள். க்யூவின் குறைந்தபட்சம் சரியான இடத்தில் இருந்தால் நிரல் அந்த வளைவை நேராக்காமல் அதிலேயே போய் உட்காரும். சற்று மேலே தள்ளினால் மறுபடி நேராகிவிடும். குறைந்தபட்சத்தைச் சிறு சிறு படியாக நகர்த்தி, அச்சின் வளைவு எந்த மதிப்பில் தோன்றி எந்த மதிப்பில் மறைகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். இந்தக் கணக்குக்கு முன்பு சொன்ன மையக் கட்டத்தின் குறை நேராக இடிக்கும் என்பதால் 201க்குக் குறையாமல் வையுங்கள்.

கோப்பை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது

உங்கள் சமநிலையை வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள். வேகத் துகள்களைத் துரத்துபவர், கூடுதல் புலத்தால் பிளாஸ்மாவின் சுழற்சி எவ்வளவு தடைபடுகிறது என்று பார்ப்பவர், பலூனிங் நிலைத்தன்மையைச் சோதிப்பவர். பெரும்பாலும் அவர்கள் முதலில் அதைப் புலக்கோடுகள் நேர்கோடாகத் தெரியும் பூசர் ஆயங்களுக்கு மாற்றுவார்கள். அதற்கான நிரல் ஸ்டெல்லாப்ட் தொகுப்பிலேயே இருக்கிறது. பூசர் ஆயத்தில் அதே பரப்பை எழுத வீமெக்கைவிடப் பல மடங்கு அதிக அலைவடிவங்கள் வேண்டும், முக்கியமாக விளிம்பில். வீமெக்குக்கு 18 போதுமே என்று இங்கும் 18 வைத்தால் புலத்தின் வலிமையே தவறாக வரும். எம்போலைப்போல நான்கைந்து மடங்கில் தொடங்கி, இரண்டு ஆயங்களிலும் ஒரே இடத்துப் புல வலிமை ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

கோப்போடு ஒரு சிறு குறிப்பும் வையுங்கள்: எந்த ஜி-கோப்பு, எந்த விழுக்காட்டில் வெட்டியது, கோகோஸ் எண், ஐயோட்டாவைப் பிடித்ததா மின்னோட்டத்தையா, சுருள் மின்னோட்டங்களும் அவற்றின் அலைக்கட்டமும், எம்கிரிட் எந்த வகை. கடைசிப் பரப்புக்கு வெளியே இந்தக் கோப்பில் புலம் இல்லை என்பதையும் எழுதுங்கள். துகள் துரத்துபவர்கள் அதைத் தாங்களாகவே வெளியே நீட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். அப்படி நீட்டக் கூடாது. சுருள்களின் புலத்தோடு பிளாஸ்மா மின்னோட்டம் வெளியே தரும் புலத்தையும் தனியாகக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.